ஜார்ஜ் ராம்னி

ஜார்ஜ் வில்க்கன் ராம்னி (சூலை 8, 1907 – சூலை 26, 1995) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தானுந்துத் தொழில் நிர்வாகியும் அரசியலாளரும் ஆவார். 1954 முதல் 1962 வரை அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த இவர், ராம்ப்ளர் என்னும் சிறிய குடும்ப மகிழுந்து வரிசையை அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் வண்டிகளுள் ஒன்றாக உயர்த்தினார். நீளமும் எடையும் கூடிய வண்டியே சிறந்தது என்று அமெரிக்கத் தானுந்துத் தொழில் நம்பியிருந்த காலத்தில், நட்டத்தில் மூழ்கியிருந்த ஒரு நிறுவனத்தின் எதிர்காலம் முழுவதையும் சிறிய வண்டியை நம்பி ஒப்படைத்தவர் என்பதால் இவர் பெரிதும் அறியப்படுகிறார். பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் ஆளுநராகவும் (1963–1969), நடுவண் அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சராகவும் (1969–1973) பணியாற்றினார்.

இளமைக் காலம்

ராம்னி மெக்சிக்கோவின் சிவாவா மாநிலத்தில் உள்ள கொலோனியா டப்ளான் என்னும் குடியேற்றத்தில் பிறந்தார். இவருடைய பெற்றோர் கேஸ்கல் ராம்னி, அன்னா பிராட் ஆகிய இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். மோர்மன் சமயத்தவரிடையே நிலவிய பலதார மணத்தை அமெரிக்க அரசு கடுமையாக எதிர்த்ததை அடுத்து, இவருடைய பாட்டனார் தலைமுறையினர் எல்லை கடந்து மெக்சிக்கோவில் குடியேறியிருந்தனர். பெற்றோர் ஒருதார மணத்தையே பின்பற்றினர்.

1912 ஆம் ஆண்டில் மெக்சிக்கப் புரட்சியின் விளைவாக அக்குடியேற்றங்களில் வாழ்வது இயலாமற் போனது. குடும்பம் வீட்டையும் உடைமைகளையும் விட்டுவிட்டு டெக்சசு மாநிலத்தின் எல் பாசோ நகருக்கு ஏதிலிகளாக வந்து சேர்ந்தது. அப்போது ராம்னிக்கு வயது ஐந்து. அதன்பின் கலிபோர்னியா, ஐடகோ, யூட்டா எனப் பல இடங்களில் இக்குடும்பம் வாழ்ந்தது. கட்டட வேலையும் வேளாண்மையும் செய்த தந்தையார் பலமுறை பொருளிழப்பைச் சந்தித்தார். ராம்னி சிறுவயதிலேயே சர்க்கரைக் கிழங்கு வயல்களில் கூலி வேலை செய்தார். பின்னர்ச் சுவர்ப்பூச்சு வேலையையும் கற்றுக்கொண்டார்.

1926 முதல் 1928 வரை இங்கிலாந்திலும் இசுக்காட்லாந்திலும் சமயப் பணியாற்றினார். தெருமுனைகளில் நின்று, கேட்க விரும்பாதவர்களிடமும் பேசிப் பழகிய அவ்விரண்டு ஆண்டுகள் பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் கைகொடுத்தன. யூட்டா பல்கலைக்கழகத்திலும் ஜார்ஜ் வாசிங்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். ஆயினும் பட்டம் எதனையும் பெறவில்லை. 1929 இல் வாசிங்டன் சென்று, மாசச்சூசெட்சு மாநில மேலவை உறுப்பினர் டேவிட் வால்சிடம் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்து, சுங்கவரிச் சட்ட வரைவுப் பணிகளில் உதவினார். அடுத்த ஆண்டு அல்கோவா அலுமினிய நிறுவனத்தில் சேர்ந்தார். 1931 இல் லெனோர் லபவுண்ட் என்பவரை மணந்தார். ஹாலிவுட் திரைப்படங்களில் சிறு வேடங்களில் நடித்துவந்த லெனோர் நடிப்புத் தொழிலைக் கைவிட்டு இவரை மணந்துகொண்டார். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள்.

தானுந்துத் தொழிலில் நுழைவு

1939 இல் தானுந்து உற்பத்தியாளர் சங்கத்தின் டிட்ராயிட் அலுவலக மேலாளராகப் பொறுப்பேற்ற ராம்னி, 1942 இல் அச்சங்கத்தின் பொது மேலாளரானார். அவ்வாண்டு பெப்ரவரியில் பொதுமக்களுக்கான மகிழுந்து உற்பத்தி நிறுத்தப்பட்டு, ஆலைகள் முழுமையாகப் போர்த்தளவாட உற்பத்திக்கு மாற்றப்பட்டன. ஒன்றோடொன்று போட்டியிட்டு வந்த நிறுவனங்கள் இயந்திரங்களையும் தொழில்நுட்பத்தையும் பகிர்ந்துகொள்ள அமைக்கப்பட்ட போர் உற்பத்திக் குழுவை இவர் நடத்தினார். பெரிய நிறுவனங்கள், சிறிய நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், அரசு ஆகிய நான்கு தரப்புகளின் உள்நிலவரத்தையும் அறியும் வாய்ப்பு இதனால் கிடைத்தது.

1948 இல் நாஷ்-கெல்வினேட்டர் நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனின் உதவியாளராகச் சேர்ந்தார். பேக்கார்டு நிறுவனம் அளிக்க முன்வந்த பதவியை மறுத்தே இவர் இங்கு வந்தார். பல ஆலைகளிலும் துறைகளிலும் இருந்து வேலையைக் கற்றுக்கொள்ளுமாறு மேசன் இவரைப் பணித்தார்.

ராம்ப்ளரின் தோற்றம்

ராம்ப்ளர் என்பது பழைய பெயர். விசுக்கான்சின் மாநிலத்தின் கெனோசா நகரில் தாமஸ் ஜெப்ரி என்பவர் முதலில் மிதிவண்டிகளுக்கும், 1902 முதல் தாம் விற்ற மகிழுந்துகளுக்கும் இப்பெயரைச் சூட்டியிருந்தார். 1916 இல் சார்லசு நாஷ் அந்நிறுவனத்தை வாங்கித் தம் பெயரால் நடத்தினார். 1937 இல் அது குளிர்பதனப் பெட்டிகள் செய்யும் கெல்வினேட்டருடன் இணைந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மகிழுந்துகளுக்கு இருந்த தேவை மிகப் பெரியது. ஆயினும் ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு, கிரைசுலர் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களுடன் அவற்றின் களத்திலேயே மோதினால் சிறிய நிறுவனங்கள் தோற்றுப்போகும் என்பதை மேசன் உணர்ந்திருந்தார். புதிய உடற்பகுதிக்கான அச்சுகளைச் செய்ய ஆகும் செலவைப் பெரிய நிறுவனங்கள் பல இலட்சம் வண்டிகளுக்குப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. சிறிய நிறுவனங்களுக்கோ அதே செலவு சில ஆயிரம் வண்டிகளின் தலையில் விழுந்தது. எனவே பெரிய நிறுவனங்கள் செய்யாத வண்டியைச் செய்வதே மேசனின் திட்டமாக இருந்தது.

அத்திட்டத்தின்படி 1950 ஏப்ரலில் நாஷ் ராம்ப்ளர் வெளிவந்தது. இதன் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 100 அங்குலம்; அன்றைய செவ்ரோலெட் வண்டியைவிட இது 15 அங்குலம் குறைவு. சிறிய வண்டி என்றால் ஏழைகளின் வண்டி என்னும் எண்ணம் எழாதிருக்க, வானொலி, சூடேற்றி முதலிய துணைப்பொருட்கள் விலையுடன் சேர்த்தே வழங்கப்பட்டன. அக்காலத்தில் வெளிவந்த ஹென்றி ஜே, ஹட்சன் ஜெட், வில்லிசு ஏரோ போன்ற வேறு சில சிறு வண்டிகள் விரைவில் மறைந்தன. ராம்ப்ளர் நிலைத்தது.

தலைமைப் பொறுப்பு

1954 மே 1 அன்று நாஷ்-கெல்வினேட்டரும் ஹட்சன் நிறுவனமும் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் உருவானது. ஸ்டுடிபேக்கர், பேக்கார்டு ஆகியவற்றையும் காலப்போக்கில் இணைத்து நான்காவது பெரிய நிறுவனத்தைக் கட்டியெழுப்ப மேசன் எண்ணியிருந்தார். ஆனால் அக்டோபர் 8 அன்று அவர் எதிர்பாராத விதமாகக் காலமானார். சில நாட்களில் 47 வயதான ராம்னி தலைமைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ராம்னி எடுத்த முதல் முடிவுகளுள் ஒன்று மேசனின் இணைப்புத் திட்டத்தைக் கைவிட்டது ஆகும். நட்டத்தில் உள்ள பல நிறுவனங்களை ஒன்றாகச் சேர்ப்பதால் மட்டும் நட்டம் நீங்கிவிடாது என்று அவர் கருதினார். ஹட்சனின் டிட்ராயிட் ஆலையில் மகிழுந்து உற்பத்தி நிறுத்தப்பட்டு, கெனோசாவிலும் மில்வாக்கியிலும் உற்பத்தி ஒருங்கிணைக்கப்பட்டது. தாம் உட்பட உயர் அலுவலர்களின் ஊதியத்தைக் குறைத்தார்.

தொடக்க ஆண்டுகள் கடினமானவையாக இருந்தன. 1956 இல் மட்டும் நிறுவனத்தின் நட்டம் ஏறத்தாழ 2 கோடி டாலர். நாஷ், ஹட்சன் ஆகிய பெரிய வண்டிகளின் விற்பனை ஆண்டுதோறும் சரிந்தது. ராம்ப்ளர் மட்டும் தாங்கி நின்றது. இரு வகை வண்டிகளையும் தொடர்ந்து புதுப்பிக்க நிறுவனத்திடம் பணம் இல்லை. எனவே ராம்னி 1957 ஆம் ஆண்டுடன் நாஷ், ஹட்சன் என்னும் இரு புகழ்பெற்ற பெயர்களையும் முடிவுக்குக் கொண்டுவந்தார். அதன்பின் நிறுவனத்தின் எதிர்காலம் ராம்ப்ளர் என்னும் ஒரே பெயரைச் சார்ந்திருந்தது.

இம்முடிவு தவறியிருந்தால் நிறுவனத்தைக் காக்க வேறு வழி இருந்திராது. கைசர் நிறுவனம் 1955 இல் அமெரிக்காவில் மகிழுந்து உற்பத்தியை நிறுத்தியிருந்தது. பேக்கார்டு பெயர் 1958 இல் மறைந்தது. இதே காலத்தில் லூயி வுல்ப்சன் என்னும் முதலீட்டாளர் அமெரிக்கன் மோட்டார்சின் பங்குகளைப் பெருமளவில் வாங்கினார். அவர் மகிழுந்துப் பிரிவை மூடி, சொத்துகளை விற்றுவிடக்கூடும் என்ற அச்சம் நிலவியது. ராம்னி அவரைச் சந்தித்துத் தம் திட்டத்தை விளக்கிக் காலம் பெற்றார். பின்னர் வுல்ப்சன் தம் பங்குகளை விற்று வெளியேறினார்.

1958 ஆம் ஆண்டின் திருப்பம்

1955 உடன் உற்பத்தி நிறுத்தப்பட்ட 100 அங்குல ராம்ப்ளரின் அச்சுகள் ஆலையில் அப்படியே இருந்தன. ராம்னியின் நிர்வாகம் அவற்றை மீண்டும் பயன்படுத்தி, முன்முகப்பிலும் பின்சக்கர வளைவிலும் சில மாற்றங்கள் மட்டும் செய்து, 1958 இல் ராம்ப்ளர் அமெரிக்கன் என்னும் பெயரில் குறைந்த விலையில் வெளியிட்டது. ஆண்டுதோறும் புதிய தோற்றம் தருவதே வழக்கமாக இருந்த ஒரு தொழிலில், கைவிடப்பட்ட பழைய வண்டியை மீண்டும் கொண்டுவருவது புதுமையான செயலாகும்.

அவ்வாண்டில் அமெரிக்காவில் கடும் பொருளாதாரப் பின்னடைவு ஏற்பட்டது. பெரும்பாலான மகிழுந்துகளின் விற்பனை சரிந்தபோது ராம்ப்ளரின் விற்பனை உயர்ந்தது. நிறுவனம் முதன்முறையாக இலாபம் ஈட்டியது. அவ்வாண்டின் இலாபம் ஏறத்தாழ 2.6 கோடி டாலர், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 6 கோடி டாலர். 1960 இல் ஆண்டு உற்பத்தி 4 இலட்சம் வண்டிகளைக் கடந்தது. 1961 இல் செவ்ரோலெட், போர்டு ஆகியவற்றுக்கு அடுத்து, உற்பத்தியில் மூன்றாம் இடத்தை ராம்ப்ளர் பெற்றது. சிறிய ராம்ப்ளர் ஒன்று பெரிய காடிலாக் வண்டியைத் துரத்துவதாக அமைந்த நகைச்சுவைப் பாடல் ஒன்று 1958 இல் நாடெங்கும் புகழ்பெற்றது.

இவ்வெற்றியில் ராம்னியின் பரப்புரைக்குப் பெரும் பங்கு உண்டு. நாடு முழுவதும் பயணம் செய்து, எரிபொருளை விழுங்கும் பெரிய வண்டிகளை அழிந்துபோன தொன்மாக்களுடன் ஒப்பிட்டுப் பேசினார். நிறுவனத்தின் விளம்பரங்களிலும் தொன்மாவின் கேலிச்சித்திரம் இடம்பெற்றது. 1958 இல் மேலவையின் துணைக்குழு முன்பு சாட்சியமளித்தபோது, ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு போன்ற மிகப் பெரிய நிறுவனங்கள் பிரிக்கப்பட வேண்டும் என்றார். தொழில் நிர்வாகி ஒருவர் இவ்வாறு கேட்டது அரிதான நிகழ்வாகும். 1959 ஏப்ரலில் டைம் இதழ் இவரது படத்தை அட்டையில் வெளியிட்டது.

ராம்ப்ளரின் பொறியியல் சிறப்புகள்

அக்காலத்து அமெரிக்க மகிழுந்துகளில் பெரும்பாலானவை, கனமான இரும்புச் சட்டகத்தின் மீது தனியாகச் செய்த உடற்பகுதியைத் திருகாணிகளால் பொருத்தி உருவாக்கப்பட்டன. ராம்ப்ளரில் சட்டகமும் உடற்பகுதியும் பற்றவைப்பின் மூலம் ஒரே கட்டமைப்பாக அமைந்தன. நாஷ் நிறுவனம் 1941 இலேயே பெருமளவு உற்பத்தியில் இம்முறையைப் பயன்படுத்தியிருந்தது. இதனால் எடை குறைந்தது, எரிபொருள் மிச்சமானது, வண்டியின் கடகட ஓசையும் குறைந்தது. ஆனால் தகடே வண்டியின் பாரத்தைத் தாங்குவதால் துரு பிடித்தால் இழப்பு மிகுதி. இதைத் தவிர்க்க உடற்பகுதி முழுவதும் துருத்தடுப்புப் பூச்சுத் தொட்டியில் அமிழ்த்தி எடுக்கப்பட்டது.

சாய்த்துப் படுக்கையாக்கக்கூடிய இருக்கைகள் குடும்பப் பயணங்களுக்கு ஏற்றவையாக இருந்தன. கெல்வினேட்டரின் குளிர்பதன அறிவு, மகிழுந்துக்கான காற்றுப்பதனக் கருவியை வடிவமைக்க உதவியது. பின்புறம் பொருட்கள் ஏற்றும் இடவசதி கொண்ட நீள்கூரை வண்டி, ராம்ப்ளர் வரிசையில் மிகவும் விரும்பப்பட்டது. 1962 முதல், ஒரு சுற்று பழுதானாலும் மற்றொன்று இயங்கும் இரட்டைத் தடுப்பு அமைப்பு எல்லா ராம்ப்ளர் வண்டிகளிலும் இடம்பெற்றது. சட்டத்தின் கட்டாயம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது செய்யப்பட்டது. எல்லா முயற்சிகளும் வெற்றிபெற்றன எனக் கூற இயலாது. 1961 இல் அறிமுகமான அலுமினிய வார்ப்பு இயந்திரம் பல சிக்கல்களைத் தந்தது.

தொழிலாளர் உறவும் ஊதியமும்

1961 இல் ஐக்கியத் தானுந்துத் தொழிலாளர் சங்கத்துடன், இலாபத்தில் தொழிலாளர்களுக்குப் பங்களிக்கும் உடன்படிக்கையை ராம்னி செய்துகொண்டார். அமெரிக்கத் தானுந்துத் தொழிலில் இத்தகைய முதல் உடன்படிக்கை இதுவே. தமக்கு வழங்கப்பட்ட மிகையூதியத் தொகைகளைப் பலமுறை ஏற்க மறுத்தார். ஓய்வு நேரத்தையும் சிக்கனமாகவே செலவிட்டார். குழிப்பந்தாட்டத்தில் ஒரே வேளையில் பல பந்துகளை அடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக ஆட்டத்தை விரைந்து முடிப்பது இவரது வழக்கம்.

பெரிய நிறுவனங்களின் போட்டி

ராம்ப்ளரின் வெற்றியே அதற்குப் போட்டியையும் உருவாக்கியது. 1959 இலையுதிர் காலத்தில் செவ்ரோலெட் கோர்வேர், போர்டு பால்கன், கிரைசுலரின் வேலியன்ட் ஆகிய சிறிய வண்டிகள் சந்தைக்கு வந்தன. ராம்னி இதைத் தம் கருத்துக்குக் கிடைத்த ஒப்புதலாக எடுத்துரைத்தார். அடுத்த இரண்டு ஆண்டுகள் ராம்ப்ளர் போட்டியைத் தாங்கி நின்றது.

ஒரு நாள் முழுவதும் உண்ணாநோன்பிருந்து இறைவேண்டல் செய்த பின், 1962 பெப்ரவரியில் மிச்சிகன் ஆளுநர் தேர்தலில் போட்டியிடும் முடிவை ராம்னி அறிவித்து நிறுவனப் பொறுப்பிலிருந்து விலகினார். ராய் அபர்நதி தலைவரானார். ராம்னியின் காலத்தில் வடிவமைக்கப்பட்ட 1963 ஆம் ஆண்டு ராம்ப்ளர் வரிசை முழுவதற்கும் மோட்டார் டிரெண்ட் இதழின் ஆண்டின் சிறந்த மகிழுந்து விருது கிடைத்தது.

அரசியல் வாழ்க்கை

1962 நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளராக வெற்றிபெற்ற ராம்னி, மேலும் இருமுறை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967 இல் மாநில வருமான வரியைக் கொண்டுவந்தார்.

கறுப்பின மக்களின் குடிசார் உரிமைகளை இவர் உறுதியாக ஆதரித்தார். 1963 இல் டிட்ராயிட்டை அடுத்துள்ள, வெள்ளையர் வாழும் செல்வப் பகுதியான குரோசு பாயின்டில் வீட்டுரிமை வேண்டி நடந்த பேரணியில் முன்வரிசையில் நடந்தார். 1964 இல் அவருடைய சமய அமைப்பின் மூத்தவர் ஒருவர் இதுபற்றி எச்சரித்துக் கடிதம் எழுதிய பின்னரும் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. அதே ஆண்டில் தம் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரான பாரி கோல்ட்வாட்டருக்கு ஆதரவளிக்க மறுத்தார். 1967 சூலையில் டிட்ராயிட்டில் மூண்ட கலவரத்தில் 43 பேர் உயிரிழந்தனர்.

1968 ஆம் ஆண்டுத் தேர்தலில் குடியரசுத் தலைவர் வேட்பாளராகும் முயற்சியில் இறங்கியபோது தொடக்கத்தில் இவர் முன்னணியில் இருந்தார். 1967 ஆகத்தில் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், முன்னர்த் தாம் வியட்நாம் போரை ஆதரித்ததற்கு, அங்குச் சென்றபோது படைத்தலைவர்களும் தூதரக அலுவலர்களும் தம்மை மூளைச்சலவை செய்ததே காரணம் என்னும் பொருளில் பேசினார். அச்சொல் பெரும் ஏளனத்துக்கு உள்ளானது. ஆதரவு வேகமாகச் சரிந்ததால் 1968 பெப்ரவரியில் போட்டியிலிருந்து விலகினார். தொழிலில் இவருக்குப் புகழ் தேடித்தந்த ஒளிவுமறைவற்ற பேச்சு, அரசியலில் இவரை வீழ்த்தியது.

ரிச்சர்ட் நிக்சனின் அமைச்சரவையில் வீட்டுவசதித் துறைப் பொறுப்பை ஏற்றார். நடுவண் அரசின் உதவி பெறும் புறநகர்கள் கறுப்பின மக்களுக்கும் இடமளிக்க வேண்டும் என வற்புறுத்தினார். 1970 இல் மிச்சிகனின் வாரன் நகரில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்நகரின் தானுந்து ஆலைகளில் கறுப்பினத் தொழிலாளர் பலர் வேலை செய்தனர். ஆனால் அங்குக் குடியிருந்தவர் மிகச் சிலரே. நிக்சன் இத்திட்டத்துக்கு ஆதரவளிக்கவில்லை. ராம்னி 1973 சனவரியில் பதவி விலகினார்.

இறுதிக் காலம்

அதன்பின் தன்னார்வப் பணி இயக்கத்தில் ராம்னி ஈடுபட்டார். 1995 சூலை 26 அன்று மிச்சிகனின் புளூம்பீல்டு ஹில்சில் உள்ள தம் இல்லத்தில், வழக்கமான உடற்பயிற்சியின்போது 88 ஆம் வயதில் காலமானார். இவருடைய இளைய மகன் மிட் ராம்னி 2003 முதல் 2007 வரை மாசச்சூசெட்சு ஆளுநராகவும், 2012 இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராகவும், 2019 முதல் 2025 வரை மேலவை உறுப்பினராகவும் இருந்தார்.

ராம்ப்ளரின் முடிவும் மதிப்பீடும்

ராம்னிக்குப் பின் வந்த நிர்வாகம், பெரிய நிறுவனங்கள் செய்யும் எல்லா வகை வண்டிகளையும் தானும் செய்ய முற்பட்டது. புதிய அச்சுகளுக்கான செலவு கூடியது. விற்பனை அதற்கேற்ப உயரவில்லை. 1960களின் நடுப்பகுதியில் நிறுவனம் மீண்டும் நட்டத்தில் விழுந்தது. அமெரிக்காவில் கடைசி ராம்ப்ளர் 1969 சூன் 30 அன்று கெனோசா ஆலையிலிருந்து வெளிவந்தது. அதுவரை 42 இலட்சத்துக்கும் மேற்பட்ட ராம்ப்ளர் வண்டிகள் அங்கு உருவாக்கப்பட்டிருந்தன.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1973 இல் எழுந்த எண்ணெய் நெருக்கடி சிறிய, சிக்கனமான வண்டிகளை நோக்கி அமெரிக்கர்களைத் திருப்பியது. அப்போது அவ்வாய்ப்பைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டவை சப்பானிய நிறுவனங்களே. அமெரிக்கன் மோட்டார்சை 1987 இல் கிரைசுலர் வாங்கியது. கெனோசாவில் மகிழுந்து உற்பத்தி 1988 இலும், எஞ்சியிருந்த இயந்திர ஆலை 2010 இலும் மூடப்பட்டன.

சிறிய மகிழுந்தை முதலில் எண்ணியவர் ராம்னி அல்லர். ராம்ப்ளரின் தொடக்கம் மேசனுடையது. அவ்வெண்ணத்தைத் தம் முன்னோடி மறைந்த பின்னும் கைவிடாமல், மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து அதைக் காத்தது ராம்னியின் பங்களிப்பாகக் கருதப்படுகிறது.